கூரைக்காக வளர்த்த புகையிலை

ஆவுனே கர்னாவுக்குப் புகையிலை நாற்றம் அறவே ஆகாது. கல்யாணமாகி வந்த புதிதில் மாமனார் ஈவரி குழாயை வாயில் வைத்தபடி வீட்டுக்குள் நுழைந்தால், வெளியே பனி கொட்டினாலும் சரி, எழுந்துபோய்க் கதவை அகலத் திறந்து வைத்துவிடுவாள். "குளிருதும்மா" என்பார் கிழவர். "நாறுது மாமா" என்பாள் அவள். அப்படிப்பட்டவள் போர்க்காலத்தில் ஒரு கோடை முழுக்கப் புகையிலைச் செடிக்குத் தாதி வேலை பார்த்தாள் என்றால் நம்புவீர்களா? பார்த்தாள். எல்லாம் அந்த மாட்டுக் கொட்டகைக் கூரையால் வந்த வினை.

வடக்கே ஏரியும் பைன் காடுமான எங்கள் சாவோப் பக்கத்தில் கூரை என்றால் மரச்சீவல் கூரைதான். பைன் மரத்தைத் துண்டு போட்டு, ஆள் நீளத்துக்கு இருக்கும் பெரிய இழைப்புளியால் மெல்லிய பட்டைகளாகச் சீவி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஆணி அடிப்பது. ஒரு குடும்பத்தால் ஆகிற காரியமில்லை. ஊரைக் கூட்டித்தான் செய்ய வேண்டும். ஒருவன் இழைப்புளிக்குக் கட்டை கொடுப்பான், ஒருவன் அதை இழுக்கிற குதிரையை ஓட்டுவான், மற்றவர்கள் மேலே ஏறி ஆணி அடிப்பார்கள். பெண்கள் சீவலைக் கட்டுக் கட்டாகத் தூக்கிக் கொடுப்பார்கள், சூப்பு காய்ச்சுவார்கள். கூலி என்று ஒன்றும் கிடையாது. கூப்பிட்ட வீட்டுக்காரர் வயிறாரச் சாப்பாடு போட வேண்டும், காப்பி கொடுக்க வேண்டும், புகையிலைப் பெட்டியைத் திறந்து மேசை நடுவில் வைக்க வேண்டும். யாரும் எழுதி வைக்காத சட்டம் இது. எழுதி வைத்த சட்டத்தை மீறினாலும் மீறுவார்கள், இதை மீற மாட்டார்கள்.

போர் வந்ததும் காப்பி போனது. சிக்கரியையும் வறுத்த ரை தானியத்தையும் கலந்து கொதிக்க வைத்த கறுப்புத் தண்ணீரைக் காப்பி என்று சொல்லிக் கொடுத்தார்கள், ஒருவரும் ஏமாறவில்லை. தானியத்தில் மது காய்ச்சக் கூடாது என்று தடை. மிச்சம் இருந்தது புகையிலை ஒன்றுதான். அதுவும் கடையில் கூப்பனுக்குத் தருவது மூக்குப்பொடி போடவும் காணாது. ஈவரி காய்ந்த க்ளோவர் பூவைப் புகைத்தார், செர்ரி இலையைப் புகைத்தார், ஒருநாள் சுவர் இடுக்கில் அடைத்திருந்த பாசியைப் பிடுங்கிப் புகைத்துவிட்டு வாசலில் குப்புற விழுந்து கிடந்தார். ஊரில் எல்லா ஆண்களும் இந்த லட்சணத்தில்தான் இருந்தார்கள். பக்கத்துக் கிராமத்தில் ஒரு வீட்டில் புகையிலை இல்லாமல் கூட்டுவேலைக்கு ஆள் கூப்பிட்டார்களாம். ஒரு செவிடரும் ஒரு நாயும்தான் வந்தார்கள் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

ஆவுனேயின் கணவன் ஓஸ்கரி போர்முனையில் இருந்தான். வீட்டில் அவளும் மாமனாரும் பசுக்களும்தான். கொட்டகையின் கூரை போருக்கு முன்பே மாற்ற வேண்டியது. இப்போது அது சல்லடையாகி, மேல்தட்டில் போட்டு வைத்திருந்த காய்ந்த புல்லெல்லாம் நனைந்து பூசணம் பிடித்தது. அந்தக் குளிர்காலத்தின் கடைசியில் தீனி இல்லாமல் ஒரு பசுவை வெட்டக் கொடுக்க வேண்டியதாயிற்று. நல்ல கறவை. கயிற்றைப் பிடித்துக்கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, காலிக் கட்டுத்தறியைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள் ஆவுனே. மிச்சம் இருந்தது ஒமேனா என்ற பசு ஒன்றுதான். இன்னொரு குளிர்காலம் இந்தக் கூரையோடு போனால் அதுவும் இல்லை. பசு இல்லாத வீட்டை எங்கள் பக்கத்தில் வீடு என்று சொல்ல மாட்டார்கள்.

புல் அறுப்புக்கு விடுப்பில் வந்த ஓஸ்கரி அண்ணாந்து கூரையைப் பார்த்தான். ஓட்டை வழியாக மேகம் போவது தெரிந்தது.

"பனி விழறதுக்குள்ள ஆளுங்களக் கூட்டிப் போட்டுடு ஆவுனே" என்றான், உப்பைக் கொஞ்சம் தூக்கலாகப் போடு என்று சொல்வது போல.

"எந்த ஆளுங்கள? எதக் கொடுத்து?"

"கெஸ்ஸுதான் போட்டிருக்கியே."

கெஸ்ஸு என்பது எங்கள் பக்கத்தில் வீட்டில் வளர்க்கிற புகையிலை. மஞ்சள் பூ பூக்கும் முரட்டுச் செடி. குளிரைத் தாங்கும் என்பார்கள். தாங்காது, தாங்குவது போல நடிக்கும். அதற்கு முந்தின வருஷமும் ஆவுனே அதை வளர்த்தாள். எங்கள் ஆட்கள் எதையும் சூட்டில்தான் காயவைப்பார்கள். ரைக் கதிரைச் சூட்டுக் கொட்டகையில் போட்டு நெருப்பு மூட்டிக் காயவைப்பார்கள், இறைச்சியையும் சணலையும் நனைந்த பூட்ஸையும் அப்படியே. அவளும் புகையிலையை, கல்லைச் சூடாக்கி வேர்வைக் குளியல் போடுகிற சவுனா அறையில் தொங்கவிட்டு, கல் வெடிக்கிற அளவுக்கு விறகை ஏற்றினாள். ஒரே நாளில் காய்ந்தது. பச்சைப் பசேலென்று காய்ந்தது. அதைப் புகைத்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. தேவாலயத்தில் பாதிரியார் பேசிக்கொண்டிருக்கும்போது பின்வரிசை முழுக்க லொக்கு லொக்கு என்று இருமித் தள்ளியது. ஊரார் அந்தப் புகையிலைக்கு 'ஆவுனே கக்குவான்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கடையில், ஆற்றுத்துறையில், எங்கே பார்த்தாலும் அதே கேலி.

எல்லைப் பக்கத்துக் கரேலியாவிலிருந்து போருக்குப் பயந்து இடம்பெயர்ந்து வந்து தங்கிவிட்டுத் திரும்பிப்போன ஒருத்திதான் காரணத்தைச் சொன்னாள். "சூட்டுல போட்டா இலை பச்சையாவே செத்துப் போயிரும். மொதல்ல குவிச்சுப் போட்டுப் புழுங்க வைக்கணும். மெதுவாப் பழுத்து மஞ்சளாகணும். அப்புறம் நிழல்ல காயணும். அவசரப்பட்டா கெட்டுது."

அதனால் இந்தத் தடவை ஆவுனே வசந்தத்திலேயே ஒழுங்காகச் செய்வதென்று பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினாள். ஜன்னலோரம் பழைய தகரத்தில் விதை போட்டு, விதையா தூசியா என்று தெரியாத அந்தப் பொடிக்கு மூச்சுக்காற்று படாமல் தண்ணீர் தெளித்தாள். சவுனாவின் தெற்குச் சுவரோரம் வீட்டிலேயே நல்ல மண், வருஷா வருஷம் உருளைக்கிழங்கு போடுகிற இடம். அதில் குதிரைச் சாணத்தைக் கொட்டி நாற்றை நட்டாள். செடி மார்பளவு வந்ததும் பூமொட்டைக் கிள்ளினாள். கிள்ளக் கிள்ளக் கணுவுக்குக் கணு சிம்பு வெடித்தது. அதையும் ஒடித்தாள். மறுநாள் பார்த்தால் இன்னும் இரண்டு! கை முழுக்கக் கறுப்புப் பிசின். சோப்பு கிடைக்காத காலம், சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் போகாது. ரொட்டியைத் தொட்டால் ரொட்டி கசந்தது, பால் கறந்தால் ஒமேனா உதைத்தது.

"ரெண்டு இலை கொடேன்" என்று ஈவரி தினமும் செடியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இன்னும் முத்தல மாமா."

"எனக்கு மட்டும் வயசு கொறையுதா? அதுக்குள்ள நான் போய்ச் சேந்துட்டா?"

"போனா பெட்டிக்குள்ள ஒரு கட்டு வச்சு அனுப்புறேன். இப்பக் கைய எடுங்க."

ஆகஸ்ட் கடைசியில் வானம் கண்ணாடி போலத் தெளிந்தது. எங்கள் பக்கத்தில் அதைக் கண்டு யாரும் சந்தோஷப்பட மாட்டார்கள்; உறைபனி வருகிறது என்று அர்த்தம். ஆவுனே வீட்டிலிருந்த சாக்கு, படுக்கை விரிப்பு, ஜன்னல் திரை, ஓஸ்கரியின் பழைய கோட்டு, ஞாயிற்றுக்கிழமைப் பாவாடை என்று சகலத்தையும் அள்ளிக்கொண்டுபோய்ச் செடிகளுக்குப் போர்த்தினாள். அந்தி வேளையில் அந்த வழியாக வந்த பக்கத்து வீட்டுத் தோப்பியாஸ் வண்டியை நிறுத்திவிட்டு வேலியில் சாய்ந்தார்.

தோப்பியாஸ் ருஸ்கனென் ஊரில் முக்கியமான ஆள். இழைப்புளி அவருடையது. ராணுவத்துக்கு வயது கடந்துவிட்டது, வாய்க்கு மட்டும் இன்னும் வயதாகவில்லை. அவர் வருகிற வேலைக்கு மற்றக் கிழவர்களும் வருவார்கள், அவர் வராத வேலைக்கு வர மாட்டார்கள்.

"என்ன ஆவுனே, செடிக்கெல்லாம் பாவாடையும் கோட்டும் மாட்டுறே? கல்யாணமா?"

"கூரை போடுற வேலை இருக்கில்ல அண்ணே, உங்களுக்காகத்தான்."

"கக்குவானா?"

"இது வேற. பழுக்க வச்சுப் பதமாத் தர்றேன். மஞ்சளா, தேன் மாதிரி வாசனையா."

"பாப்போம் பாப்போம்" என்றார் அவர். "இலை நல்லா இருந்தா இழைப்புளியோட வர்றேன். போன வருசத்து மாதிரின்னா எனக்கு இடுப்பு வலி வந்துடும், இப்பவே சொல்லிட்டேன்."

வண்டியில் அவருடைய மனைவி ஹில்யாவும் உட்கார்ந்திருந்தாள், மடியில் காலி பால்கேனோடு. அவள் ஆவுனேயைப் பார்த்துத் தலையசைத்தாள். ஆவுனேயும் அசைத்தாள். அவளிடம் பேச என்ன இருக்கிறது, அவளா கூரை போடப் போகிறாள் என்று இருந்துவிட்டாள்.

அந்த உறைபனியில் ஊரில் பாதி உருளைக்கிழங்குத் தழை கருகியது. ஆவுனேயின் கெஸ்ஸு பிழைத்தது. ஜன்னல் திரைதான் கிழிந்து போனது.

அறுவடையோடு கஷ்டம் தீர்ந்தது என்று நினைத்தாள் பாருங்கள், அங்கேதான் ஆரம்பம். இலைகளைப் பறித்துக் கொட்டகை மூலையில் குவித்து, மேலே காய்ந்த புல்லைப் போட்டு மூடினாள். குவியல் சூடேறிப் புழுங்க வேண்டும். ஏறவில்லை. செப்டம்பர் முழுக்கக் கூதலும் தூறலும். கையை உள்ளே விட்டுப் பார்த்தால் செத்த மீன் மாதிரி ஜில்லென்று இருந்தது. வெப்ப நாட்டில் தானாக நடக்கிற காரியத்துக்கு இங்கே ஒருத்தி தவம் கிடக்க வேண்டியிருக்கிறது. போதாததற்குக் கூரை ஓட்டை வழியாகத் தண்ணீர் வேறு சரியாக அந்த மூலையிலேயே சொட்டியது. கூரைக்காக வளர்த்த இலையை அந்தக் கூரையே அழுக வைக்கப் பார்த்தது. ஆவுனே வாயில் வந்தபடியெல்லாம் திட்டினாள்; கூரையை, வானத்தை, ஓஸ்கரியை, மந்திரிமார்களை, யாரையும் விடவில்லை.

கடைசியில் குவியலை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் தன் கட்டிலில் பரப்பி, மேலே மாமனாரின் ஆட்டுத்தோல் போர்வையைப் போட்டு மூடிவிட்டு, தான் பெஞ்சில் படுத்தாள். தினமும் மேலிருப்பதைக் கீழே, கீழிருப்பதை மேலே என்று புரட்டிப் போட்டாள். வீடு பூராவும் புளித்த நெடி. கதவைத் திறந்து வைக்கிற ஆவுனே இப்போது சூடு போய்விடக்கூடாதென்று கதவிடுக்கில் கந்தல் அடைத்தாள்.

"என் போர்வைய எடுத்து எலைக்குப் போத்திருக்கா" என்று ஈவரி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மூக்கால் அழுதார். "மாமனார் செத்தாலும் பரவால்ல, எலைக்குச் சளி பிடிக்கக் கூடாது!"

"ரெண்டு வாரம் பொறுங்க மாமா. பசு வேணுமா வேண்டாமா?"

"இந்தச் சீராட்டு எதுக்கு? சூட்டுக் கொட்டகையில ஒரு ராத்திரி போட்டா வேலை முடிஞ்சுது. எங்கப்பா அப்படித்தான் செஞ்சாரு. சூட்டுல காயாத பொருள் எது இருக்கு?"

"போன வருசம் இருமினது மறந்துட்டுதா?"

"இருமினா நெஞ்சு சுத்தமாவும்."

அவரிடம் பேசிப் பிரயோஜனமில்லை என்று விட்டுவிட்டாள். ஆனால் மெல்ல மெல்ல இலையின் ஓரம் வெளிறியது. நரம்பையொட்டி மஞ்சள் படர்ந்தது. ஒருநாள் காலையில் போர்வையைத் தூக்கியபோது கொஞ்சம் காய்ந்த புல், கொஞ்சம் உலர்ந்த பழம் போல ஒரு வாசனை வந்தது. பாதிக்கு மேல் இன்னும் பச்சைதான், ஆனாலும் வழிக்கு வந்துவிட்டது. புகையிலை நாற்றமே ஆகாத ஆவுனே அந்த இலையை முகத்தில் வைத்து மோந்து பார்த்துச் சிரித்தாள். அன்றே வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். அடுத்த வாரம் சனிக்கிழமை கூரை, எல்லாரும் வரணும், இலை நல்ல இலை என்று. ஒவ்வொரு வீட்டிலும் ஆண் யாரோ அவரிடம்தான் சொன்னாள். அதுதான் முறை.

அப்புறம் காற்று வடக்கே திரும்பியது. ஏரியின் ஓரத்தில் கண்ணாடிச் சில்லு போலப் பனிக்கட்டி படிந்தது. இலையின் மஞ்சள் நின்ற இடத்திலேயே நின்றது. அடுப்பில் எவ்வளவு விறகு வைத்தாலும் அது பாட்டுக்குக் கிடந்தது. புதன்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது ஆவுனே ரொட்டியைத் தள்ளி வைத்தாள்.

"பழுக்க மாட்டேங்குது மாமா" என்றாள். குரல் உடைந்துவிட்டது. "நாள் வேற சொல்லிட்டேன். பனி விழப் போவுது. ஒமேனாவையும் வெட்டக் கொடுக்க வேண்டியதுதான்."

அவள் அழுது ஈவரி பார்த்ததே இல்லை. கிழவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

மறுநாள் அரசாங்கத்துக்குக் கொடுக்க வேண்டிய வெண்ணெயை எடுத்துக்கொண்டு ஆவுனே படகேறி அக்கரைக்குப் போனாள். அங்கே வரிசை. திரும்பி வரும்போது இருட்டப் போகிற நேரம். சூட்டுக் கொட்டகையின் கதவிடுக்கில் புகை வந்துகொண்டிருந்தது. ரைக் கதிர் போன வாரமே அடித்து முடிந்ததே, இப்போது எதற்கு நெருப்பு என்று நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

ஈவரி முகமெல்லாம் கரியும் வியர்வையுமாக வாசலில் நின்றார். வாயெல்லாம் சிரிப்பு.

"ஆயிடுச்சும்மா! எல்லாத்தையும் காயப் போட்டுட்டேன். நீ அழுதியே, மனசு கேக்கல. மொறுமொறுன்னு வந்திருக்கு, போய்ப் பாரு!"

உள்ளே கழிகளில் அவளுடைய கோடைகாலம் முழுவதும் தொங்கியது. மஞ்சள் வந்த இடம் கருகி, மஞ்சள் வராத இடம் பச்சையாக, தொட்டால் பொடிந்தது. கொட்டகைக்குப் புகைபோக்கி கிடையாது, எல்லாவற்றின் மேலும் கரிப்புகை ஒட்டியிருந்தது.

"மாமா!" என்று அவள் போட்ட சத்தத்தில் காக்கைகள் பறந்தன. "உங்களுக்கு எத்தன தடவ சொன்னேன்! எத்தன தடவ! என் தலையில மண்ண அள்ளிப் போட்டுட்டீங்களே! ஒரு வருச உழைப்பு, ஒரே நாள்ல... உங்களுக்குப் பொறுமையே கிடையாதா? எலையப் பாத்தாலே உங்க கூட்டத்துக்குப் புத்தி போயிடுமா?"

"நான் ஒரு எல கூட எடுக்கலம்மா" என்றார் ஈவரி. நிஜம்தான். குழாயை வெளியே எடுக்கவேயில்லை அவர். அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. திருடியிருந்தால் மனதார அடித்திருக்கலாம். உதவி செய்ய வந்தவரை என்ன செய்வது? கையாலாகாமல் கதவை ஓங்கி உதைத்தாள். கால் கட்டை விரல் வீங்கியதுதான் மிச்சம்.

சனிக்கிழமை காலையில் தோப்பியாஸ் சொன்னபடி வண்டியில் இழைப்புளியோடு வந்தார். பின்னால் இரண்டு கிழவர்கள். இழைப்புளியை முற்றத்தில் இறக்கினார்கள். பைன் கட்டைகள் அடுக்கியிருந்தன, ஆணிகளை ஆவுனே ஒவ்வொன்றாக நிமிர்த்திப் பெட்டியில் போட்டு வைத்திருந்தாள், அடுப்பில் பட்டாணி சூப்பு கொதித்தது. எல்லாம் தயார். முதலில் உள்ளே வந்து மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். வேலைக்கு முன்னால் ஒரு குழாய் புகைப்பது வழக்கம். ஆவுனே பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தோப்பியாஸ் ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். மோந்தார். புருவத்தை உயர்த்தினார். குழாயில் அடைத்துப் பற்ற வைத்து ஓர் இழுப்பு இழுத்தார். அவ்வளவுதான். கண் பிதுங்கி, முகம் சிவந்து, மேசையைத் தட்டித் தட்டி இருமினார். மற்ற இருவரும் பற்ற வைத்த தீக்குச்சியை மரியாதையாக ஊதி அணைத்தார்கள்.

"ஆவுனே" என்றார் தோப்பியாஸ், பேச்சு வந்ததும். "இது போன வருசத்துக்கு அண்ணன்."

"வேலைய முடிச்சுக் கொடுத்துடுங்க அண்ணே. அடுத்த வருசம்..."

"காலையிலேருந்தே இடுப்பு ஒரு மாதிரியாத்தான் இருக்கு" என்று எழுந்தார். ஒரு கிழவருக்குக் கிழங்கு இன்னும் தோண்டாதது ஞாபகம் வந்தது. இன்னொருவருக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை, சும்மா அவர்கள் பின்னாலேயே போனார். இழைப்புளியை மறுபடி வண்டியில் ஏற்ற இடுப்பு இடம் கொடுக்கவில்லையாம். அப்புறம் எடுத்துக்கொள்கிறேன் என்று முற்றத்திலேயே விட்டுவிட்டுப் போனார்கள்.

ஈவரி கொட்டகைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். ஆவுனே அடுப்பின் முன்னால் நின்று சூப்பைக் கிளறினாள். யாருக்குக் கிளறுகிறோம் என்று தெரியாமலே கிளறினாள். அடிபிடித்துவிடக் கூடாதே.

கொஞ்ச நேரத்தில் ஹில்யா வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தாள்.

"இழைப்புளிய எடுத்துட்டு வரச் சொன்னாரு. எனக்கு இடுப்பே கிடையாதுன்னு நெனப்பு அவருக்கு" என்று இறங்கியவள், கட்டைகளையும் ஆணிப் பெட்டியையும் ஏணியையும் பார்த்தாள். உள்ளே வந்து அண்டாவை எட்டிப் பார்த்தாள். "ஏன்டி, இம்புட்டு சூப்பு யாருக்கு?"

அவ்வளவுதான், ஆவுனே வெடித்தாள். விதை போட்டதிலிருந்து ஆரம்பித்து, சிம்பு, பிசின், உறைபனி, பெஞ்சில் படுத்து இடுப்பு விட்டுப் போனது, கிழவர் செய்த காரியம், எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். "ஒரு வாய்ப் புகைக்காக ஓடிப் போயிட்டாங்க அக்கா! என் பசு செத்தா அவங்களுக்கு என்ன? மனுசங்களா இவங்க?"

ஹில்யா ஒரு கிண்ணத்தை எடுத்துத் தானே சூப்பை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அவங்களத் திட்டினது போதும். என்னைக் கூப்பிட்டியா நீ?"

"உங்களையா?"

"என்னைத்தான். எங்க வீட்டுக்கு வந்தே. நான் அங்கதான் நின்னு மாவு பிசைஞ்சுக்கிட்டிருந்தேன். அவர்ட்டச் சொன்னே, திரும்பிப் போனே."

"வீட்டு ஆம்பளகிட்டச் சொல்றதுதானே முறை? அவரு வந்தா நீங்களும் கூட வருவீங்க..."

"அவரு வந்தா! அவரு ஒக்காந்து குழாய் பிடிக்கறதப் பாக்க நான் வரணுமா?" ஹில்யா ரொட்டியைப் பிய்த்துச் சூப்பில் நனைத்தாள். "வசந்தத்துல எங்க நிலத்த உழுதது யாரு? நான். லெம்பி வீட்டுல கதிர் அடிச்சது யாரு? அவளேதான். அந்தக் கிழக்குவீட்டுக்காரர் செத்தப்ப உறஞ்ச மண்ண நெருப்புப் போட்டு இளக்கிக் குழி தோண்டினது யாரு? நாங்க நாலு பொம்பளைங்க. நீயும் இருந்தியேடி! ஆணி அடிக்க மட்டும் மீசை வேணுமா?"

ஆவுனே அடுப்பிலிருந்து அண்டாவை இறக்கி வைத்தாள்.

ஹில்யா கிண்ணத்தைக் கழுவிக்கூட வைக்காமல் வண்டியேறிப் போனாள். மதியத்துக்கு முன்னால் திரும்பி வந்தாள், வண்டி நிறையப் பெண்கள். லெம்பி, சாய்மி, ஆலைக்காரர் வீட்டு மருமகள், இன்னும் இரண்டு பேர். எல்லாரும் கணவனின் கால்சட்டையை மாட்டிக்கொண்டு, பாவாடையைச் சுருட்டி இடுப்பில் செருகியிருந்தார்கள். சுத்தியலும் அவரவரே கொண்டுவந்திருந்தார்கள்.

"எங்க கெழவரு? கட்டை கொடுக்க அவரு வரட்டும். அந்த வேல அவருக்குத் தெரியும்" என்றாள் ஹில்யா. ஈவரி பின்னாலிருந்து தலையை நீட்டினார், அடிக்க மாட்டார்கள் என்று உறுதியானதும் வந்தார். லெம்பி குதிரையை நடத்த, இழைப்புளி கிறீச்சிட்டது, வெள்ளைச் சீவல் வந்து விழுந்தது. முதல் சில சீவல்கள் கோணல். பிறகு சரியாகிவிட்டது. ஆவுனேயும் ஹில்யாவும் சாய்மியும் கூரைமேல் ஏறிப் பழையதைப் பிடுங்கி எறிந்தார்கள்.

சாயங்காலம் தோப்பியாஸ் பசியோடு மனைவியைத் தேடிக்கொண்டு வந்தார். கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஆணி ரொம்பத் தள்ளித் தள்ளி அடிக்கிறீங்க" என்றார்.

"ஏறி வந்து அடிங்க. இல்லன்னா வழிய விடுங்க" என்றாள் ஹில்யா.

"எனக்குச் சாப்பாடு?"

"கிழங்கு நெலவறையில இருக்கு. தண்ணி ஏரியில இருக்கு. அடுப்பு எங்கன்னாவது தெரியுமா?"

கூரைமேல் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் ஏணி ஆடியது. தோப்பியாஸ் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனார். எந்தப் பக்கம் வலி என்று மறந்துவிட்டாரோ என்னவோ, கையை மாற்றி மாற்றிப் பிடித்தார்.

வெளிச்சம் மங்கும்போது ஏரிப் பக்கத்துச் சரிவு முழுக்க மூடியிருந்தது. மறுபக்கத்தை நாளைக்கு முடிக்கலாம், ஞாயிற்றுக்கிழமை வேலை செய்ததற்குக் கடவுளிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றாள் லெம்பி. செய்த வேலைக்கு யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஹில்யாவுக்கு அடுத்த வாரம் கிழங்கு தோண்ட ஆள் வேண்டுமாம், ஆவுனே வர வேண்டும், அவ்வளவுதான். மற்றவர்கள் சூப்பு குடிக்கக் கீழே இறங்கிவிட்டார்கள். கடைசி வரிசையில் ஆவுனேயும் ஹில்யாவும் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் முட்டி போட்டு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். ஆவுனேயின் மனசு லேசாக இருந்திருக்க வேண்டும். இல்லை. ஏதோ ஒன்று உள்ளே குடைந்துகொண்டே இருந்தது.

"அக்கா" என்றாள், கையை நிறுத்தாமல். "வசந்தத்துலயே உங்களக் கேட்டிருந்தா?"

"வந்திருப்பேன்."

ஆவுனே இன்னொரு சீவலை எடுத்து வைத்தாள். அதைக் கேட்க வேண்டாம் என்று தோன்றியது. கேட்டுவிட்டாள்.

"போன வருசம் கேட்டிருந்தா?"

"ஏன்டி, போன வருசம் மட்டும் எனக்குக் கை இல்லாமலா இருந்துது? கேட்டிருந்தா வந்திருப்போம்."

ஆவுனேயின் சுத்தியல் நின்றது. போன வருஷமே கூரை போட்டிருந்தால் புல் நனைந்திருக்காது; வெட்டக் கொடுத்த அந்தப் பசு அன்று வழி நெடுக அவள் தோளை முகர்ந்துகொண்டே வந்தது. எங்கே போகிறோம் என்று தெரியாமல் சாதுவாக வந்தது. தோப்பியாஸ் மேல், கிழவர் மேல், ஓஸ்கரி மேல் இத்தனை நாள் அள்ளிக் கொட்டிய ஆத்திரம் எல்லாம் சேர்ந்து வந்து தன் தலையிலேயே விழுந்தது. ஆணியை எடுத்து ஓங்கி அடித்தாள். அது மடங்கியது. இன்னொன்றை எடுத்து அடித்தாள். அதுவும் மடங்கியது.

"மெதுவாடி" என்றாள் ஹில்யா, அவள் முகத்தைப் பார்க்காமல். "ஆணி கிடைக்காது."